அத்தான் கேட்ட அவுஸ்திரேலியப் பாட்டுகள்

சோர்சஸ் வீதிச் சிக்னலில் சிவப்பு விழுந்திருந்தது. ஆனி மாதக் காலை. காரின் ஏசி முந்தின வருடமே மூச்சை விட்டுவிட்டதால் கண்ணாடிகளை முழுக்க இறக்கியிருந்தோம். அத்தான் நெற்றியில் மூன்று குறி திருநீறு, கழுத்துவரை பொத்தான் பூட்டிய சேர்ட், இரண்டு கையும் ஸ்டியரிங்கில். கதவெல்லாம் அதிர உள்ளே ஒரு பாட்டு இடித்துக்கொண்டிருந்தது. பக்கத்துக் காரில் தொப்பியைப் பின்பக்கம் திருப்பிப் போட்ட இரண்டு பெடியள் எங்களை எட்டிப் பார்த்தார்கள். ஒருவன் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினான். கார் ரயரில்தான் ஏதோ பிழை என்று அத்தான் நினைத்து, சத்தத்தைக் குறைத்து, தலையை வெளியே நீட்டி என்னவென்று கேட்டார். பாடுவது யார் என்று அவன் பிரெஞ்சில் கேட்டான். அத்தான் கொஞ்சமும் யோசிக்காமல், "அவுஸ்திரேலியா" என்றார். ஒரு நாடே சேர்ந்து பாடுவதாகப் பதில் சொன்ன மனிதரை அந்தப் பெடியன் வாய்பிளந்து பார்த்தான். பச்சை விழுந்தது, நாங்கள் போய்விட்டோம். அன்று வேலைக்குப் போய்ச் சேரும்வரை நான் சிரித்துக்கொண்டே இருந்தேன்.

அத்தானை நினைத்தால் எனக்கு முதலில் வருவது அந்தக் காலைதான். கல்யாண அல்பத்தில் பட்டுவேட்டியும் தலைப்பாகையுமாக அவர் நிற்கிற படம் இருக்கிறது. அது வேறு யாரோ.

என் அக்காவின் கணவர் அவர். அக்கா என்னை ஸ்பொன்சர் செய்து மொன்ட்ரியலுக்குக் கூப்பிட்ட நாளிலிருந்து ரொக்ஸ்பரோவில் அவர்கள் வீட்டு பேஸ்மென்ட்தான் என் வீடு. டொலார்ட்-டெஸ்-ஓர்மோவில் ஒரு கார்டெரியில், அதுதான் சின்னப் பிள்ளைகள் காப்பகத்தில், எனக்கு வேலை. அத்தானுக்கு நகரத்துக்குள்ளே ஓர் உடுப்புத் தொழிற்சாலையில் தையல் மெசின்களைத் திருத்துகிற வேலை. என்னை கார்டெரி வாசலில் இறக்கிவிட்டு, நாற்பதாம் நெடுஞ்சாலையில் ஏறி, கிழக்கே போய்விடுவார். காலையில் அந்தக் காருக்குள் நாங்கள் பேசியவற்றையும் பேசாமல் இருந்தவற்றையும் அக்காவிடம் சொன்னால் அவளுக்கே பொறாமை வரும்.

இசை என்று அவருக்கு முன்பு இருந்ததெல்லாம் கோயில் நாதஸ்வரமும், வார இறுதியில் தமிழ் றேடியோவில் போகும் வாழ்த்து நிகழ்ச்சியும்தான். அந்த நிகழ்ச்சியை அறியாத தமிழ் வீடு இந்த ஊரில் இல்லை. ஒரு பிள்ளைக்கு ஐந்தாவது பிறந்தநாள் என்றால், கனடாவில் வசிக்கும் அன்பு அப்பா, அம்மா, லண்டனில் வசிக்கும் பெரியப்பா குடும்பத்தினர், நோர்வே சித்தப்பா, ஊரில் இருக்கும் அம்மம்மா என்று உலகப்படத்தை விரித்து வாசித்து முடித்த பிறகுதான் பாட்டு வரும். பட்டியலில் ஒருவர் விடுபட்டால் ஆறு மாதத்துக்குக் கோபம். அத்தான் பாட்டைவிடப் பட்டியலைத்தான் கவனமாகக் கேட்பார். "பாத்தியே, மாமன்காரனை விட்டுட்டாங்கள்" என்று முன்பின் தெரியாத குடும்பத்துக்காகக் கவலைப்படுவார்.

அவர் சொல் தவறாத மனிதர். அது அவருடைய பெருமை, அவருடைய வியாதியும் அதுதான். நகரத்துக்குள்ளே வில்லரே என்கிற பகுதியில் அவருக்கு ஒரு கூட்டாளி இருந்தார். இந்த நாட்டுக்கு வந்த முதல் குளிர்காலத்தில் ஒரே அறையில் ஒரே போர்வையைப் பங்குபோட்டவர்கள். எங்கள் வீட்டில் அவருக்கு வில்லரே மாமா என்று பெயர். வில்லரே மாமாவின் மகனுக்குத் தன் இரண்டு பிள்ளைகளில் மூத்தவளை, அதுதான் என் பெறாமகளை, கொடுப்பதாக அத்தான் வாக்குக் கொடுத்திருந்தார். பெறாமகளும் முதலில் தலையாட்டினாள். மண்டபம் பார்க்கிற கட்டத்தில், தனக்கு விருப்பமில்லை என்று சொல்லிவிட்டாள். பெடியனில் ஒரு குறையும் இல்லை, வேறு ஒருவரும் மனதில் இல்லை, விருப்பமில்லை, அவ்வளவுதான். அத்தான் கத்தவில்லை. "என்ர வாக்கைக் காத்தில விட்டுட்டாய். இனி உன்னோட எனக்குக் கதை இல்லை" என்று சொல்லி எழும்பிப் போனார். அதையும் ஒரு வாக்காகவே வைத்துக்கொண்டார் என்பதுதான் சனியன். அவள் மேற்படிப்புக்கென்று மெல்பேர்னுக்குப் போய், படித்து முடித்து, அங்கேயே ஒரு ஆஸ்பத்திரியில் வேலையும் எடுத்துவிட்டாள். அத்தான் வாயைத் திறக்கவில்லை. வில்லரே மாமாவின் முகத்தில் முழிக்க வெட்கப்பட்டு அந்தப் பக்கம் போவதையும் நிறுத்திக்கொண்டார். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் தொலைபேசி எடுப்பாள். சமையலுக்கு நடுவில் அக்கா குசினி மேசையில் போனை வைத்துச் சத்தமாகப் போட்டுக் கதைப்பாள். அத்தான் அங்கேயே, இரண்டடி தள்ளி, பேப்பரை விரித்துக்கொண்டு இருப்பார். பேப்பர் ஒரு பக்கமும் திரும்பாது.

"அங்க மழையோ எண்டு கேள்" என்பார் அக்காவிடம்.

"அப்பா கேக்கிறார், மழையோ எண்டு" என்பாள் அக்கா.

"சொல்லுங்கோ அம்மா, நல்ல வெயில் எண்டு" என்று போனிலிருந்து வரும்.

"வெயிலாம்" என்பாள் அக்கா. மூன்று பேருக்கும் மூன்று பேருடைய குரலும் கேட்கும். ஆனாலும் ஒவ்வொரு சொல்லும் அக்காவின் வாயால் போய், அக்காவின் வாயால்தான் திரும்பிவரும். கேட்டுக்கொண்டிருக்கும் எனக்குப் பத்திக்கொண்டு வரும். ஒருநாள் பொறுக்காமல், "வாய்க்குள்ள கொழுக்கட்டையே வச்சிருக்கிறியள்?" என்று அத்தானைக் கேட்டும்விட்டேன். அவர் பேப்பரை மடித்துக்கொண்டு எழும்பிப் போனார். அக்கா என்னை முறைத்தாள்.

அப்படி ஒரு ஞாயிறில்தான் பெறாமகள் தான் ஒரு றேடியோவில் நிகழ்ச்சி செய்வதாகச் சொன்னாள். அக்கா மகிழ்ந்துபோய், "ஆரின்ர பாட்டுகள் போடுறாய்? பழசோ புதுசோ?" என்று கேட்டாள். தமிழ் றேடியோ இல்லை என்றாள் மகள். அது ஊர்ச்சனங்கள் சம்பளமில்லாமல் சேர்ந்து நடத்துகிற சின்ன நிலையம். புதன்கிழமை இரவுகளில் இரண்டு மணித்தியாலம் அவளுக்கு. அவுஸ்திரேலியாவில் புதிதாகப் பாட்டுச் செய்கிற, இன்னும் ஒருவருக்கும் தெரியாத இளம் ஆட்களின் பாட்டுகளை மட்டும் போடுவாளாம். கொம்பியூட்டரில் செய்கிற எலக்ட்ரோனிக் இசை, யாரோ வீட்டுக் கராஜில் கித்தார் அடிக்கிற கூட்டங்கள், அப்படி. "ஒருத்தருக்கும் தெரியாத பாட்டை ஆர் கேப்பினம்?" என்றாள் அக்கா. அத்தான் அன்று கேள்வி ஒன்றும் அனுப்பவில்லை.

அடுத்த நாள் காரில், நாங்கள் ஒழுங்கையால் திரும்புவதற்கு முன்பே, "பிள்ளை, உன்ர போனில அந்த றேடியோ எடுக்கேலுமோ?" என்றார். எந்த றேடியோ என்று கேட்டு அவரைக் கொஞ்சம் வதைக்கலாம் என்று நினைத்தேன். முகத்தைப் பார்த்ததும் மனம் வரவில்லை. அங்கே இரவு ஒன்பது என்றால் எங்களுக்குக் கோடையில் காலை ஏழு. நாங்கள் வேலைக்கு வெளிக்கிடுகிற அதே நேரம்.

புதன்கிழமை வந்தது. முதலில் வந்த பாட்டு, பாட்டே இல்லை. நீளமாக ஓர் இரைச்சல், அதற்குள் எங்கோ தூரத்தில் யாரோ தகரத்தில் தட்டுவது மாதிரி ஒரு சத்தம். "மெசினுக்கு எண்ணெய் காணாது" என்றார் அத்தான். இரண்டாவதில் ஒரு பிள்ளை, பக்கத்து அறையில் தூங்குபவர்களை எழுப்பிவிடக்கூடாது என்பது போல மூச்சோடு மூச்சாகப் பாடினாள். "இவளுக்கு ஏதும் சாப்பிடக் குடுங்கோ" என்றார். மூன்றாவது முடிந்ததும் பேச்சு வந்தது. எங்கள் பெறாமகளின் குரல். ஆங்கிலத்தில், அந்த ஊர்க்காரரின் இழுவையோடு, ஆனால் சிரிப்பதற்கு முன் மூக்கால் ஒரு சின்னக் காற்று விடுவாளே, அது அப்படியே இருந்தது. கார்டெரி வாசல் வந்தும் நான் இறங்கவில்லை. அவரும் இறங்கு என்று சொல்லவில்லை. அடுத்த பாட்டு தொடங்கியதும்தான், "உனக்கு நேரம் போகுது" என்றார்.

அதன்பிறகு அது எங்கள் வழக்கமாகிவிட்டது. புதன் மட்டும் கேட்டால் அவள் போடுகிற பாட்டுகள் பிடிபடவில்லை என்று சொல்லி, மற்ற நாட்களிலும் அதே நிலையத்தைத்தான் வைப்பார். திங்களில் ஒரு கிழவர், செவ்வாயில் எதற்கும் சிரிக்கிற இரண்டு பெண்கள், வெள்ளியில் பேச்சே இல்லாமல் இரண்டு மணி நேரம் இடிக்கிற ஒருவன். இந்த மூன்றையும் ஒப்பிட்டு, "எங்கட பிள்ளைதான் பாட்டைத் தெரிஞ்செடுத்துப் போடுறாள், மற்றவை அள்ளிக் கொட்டுகினம்" என்று தீர்ப்புச் சொன்னார். நடுநிலை தவறாத நீதிபதி!

பாட்டுகளின் ஆங்கிலத் தலைப்பு அவருக்கு நிற்காது. அவரே பெயர் வைத்தார். மழை பெய்கிற சத்தத்தோடு ஆரம்பிக்கும் ஒன்றுக்குத் தகரக்கூரை. ஒரு பெண்ணும் ஆணும் மாறி மாறிச் சண்டை பிடிக்கிற ஒன்றுக்குக் குசினிப் பாட்டு. டுக்கு டுக்கு என்று ஓடி, நடுவில் ஒரு கணம் நின்று, திரும்பவும் ஓடுகிற ஒன்று இருந்தது. அதற்குத் தையல் மெசின். "ஊசி முறிஞ்சு, மாத்திப்போட்டுத் திருப்பி ஓட்டுறான், கேட்டியே?" என்று எனக்கு விளக்கமும் சொல்வார். நாள் முழுக்கத் தொழிற்சாலையில் அந்தச் சத்தத்துக்குள் நிற்கிற மனிதருக்கு அந்த இசையில் பயம் இருக்கவில்லை. எனக்குத்தான் பழக நாளெடுத்தது. ஆனால் பழகிவிட்டது. கார்டெரியில் பிள்ளைகளைப் படுக்கவைக்கும்போது அந்த மூச்சுக்காரப் பிள்ளையின் பாட்டை முணுமுணுக்கிற அளவுக்குப் பழகிவிட்டது. எங்களுக்கு மெல்பேர்னில் ஒரு தெரு தெரியாது. என்றாலும் அங்கே எந்த வீட்டில் எந்தப் பெடியன் என்ன சோகத்தில் இருக்கிறான் என்பது எங்களுக்கு உடனுக்குடன் தெரிந்தது.

மணி மாற்றுகிற காலம்தான் பெரிய சோதனை. எங்களுக்கு ஒரு மணித்தியாலம் பின்னே போகும், அவர்களுக்கு ஒரு மணித்தியாலம் முன்னே போகும், அதுவும் ஒரே நாளில் இல்லை. முதல் வருடம் ஒரு புதன்கிழமை ஏழு மணிக்கு வைத்தால் நிகழ்ச்சி பாதி முடிந்துவிட்டது. சில வாரம் கழித்து வைத்தால் அவளே இல்லை, வேறு யாரோ கதைத்துக்கொண்டிருந்தான். "பிள்ளையை நிப்பாட்டிப்போட்டாங்கள்" என்று அத்தான் காரை ஓரத்தில் நிறுத்திவிட்டார். நான் விரல்விட்டுக் கணக்குப் பார்த்து, இனி குளிர்காலம் முழுக்க விடியற்காலை ஐந்து மணிக்குத்தான் என்று சொன்னபோது அவருக்கு வந்த நிம்மதியைப் பார்க்கவேண்டும். ஐந்து மணி அவருக்கு ஒரு பொருட்டே இல்லை. பதிவு செய்து வைத்திருக்கிறார்கள், வேண்டும்போது கேட்கலாம் என்றேன். "பழஞ்சோறு வேண்டாம். அவள் இப்ப கதைக்கிறாள், இப்ப கேக்கோணும்" என்றார். மாசி மாதத்தில் காதுக்குள் இயர்போனைச் செருகி, மேலே கம்பளித் தொப்பியை இழுத்துவிட்டு, வாசலில் பனி தள்ளிக்கொண்டிருப்பார். அங்கே யாரோ கடற்கரை வெயிலில் தோல் எரிந்த கதையைப் பாடுவார்கள். இவர் இங்கே மீசையில் பனிக்கட்டியோடு தலையாட்டுவார்.

சென்-றெஜிஸ் வீதியில் இருக்கிற எங்கள் கோயிலுக்குப் போனால் யாராவது மூத்தவள் என்ன செய்கிறாள் என்று கேட்பார்கள். முன்பெல்லாம் அத்தான் செருப்பைத் தேடுவார். இப்போது நின்று பதில் சொன்னார். "றேடியோவில இருக்கிறாள்."

"தமிழ் றேடியோவிலயோ?"

"இல்லை, இது பெரிசு" என்பார். அவள் வேலை செய்யும் ஆஸ்பத்திரியைப் பற்றி ஒரு சொல் வராது.

ஆனால் ஞாயிற்றுக்கிழமை மேசையில் ஒரு மாற்றமும் இல்லை. மழையோ எண்டு கேள், வெயிலாம் எண்டு சொல்லு. தான் கேட்கிறதை மகளுக்குச் சொல்லக்கூடாது என்று என்னிடமும் அக்காவிடமும் சத்தியம் வாங்கியிருந்தார். ஏன் என்று நான் சண்டைக்குப் போனேன். வீதியிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்: "இப்ப அவள் தன்ர பாட்டில கதைக்கிறாள், சிரிக்கிறாள். அப்பா கேக்கிறார் எண்டு தெரிஞ்சா அளந்து கதைப்பாள். என்னாலதானே அவள் அளக்கப் பழகினவள்." அதன்பிறகு நான் அவரைக் கேலி செய்வதைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டேன்.

இப்படி எத்தனையோ புதன்கிழமைகள் போயின. ஒரு கோடையில், நிகழ்ச்சி நடுவில், அவள் சாதாரணமாகச் சொன்னாள்: ஆஸ்பத்திரியில் வேலை நேரம் மாறிவிட்டது, இனிப் புதன் இரவுகள் முடியாது, அடுத்த புதனோடு இந்த நிகழ்ச்சி நிறைவு. பாட்டு வந்தது. அத்தான் சத்தத்தைக் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. கார்டெரி வாசலில் நான் இறங்கியதும் கதவைச் சாத்த விடாமல் பிடித்து, "இனி நான் எங்க போய்க் கேக்கிறது?" என்றார். போனை எடுத்துக் கதையுங்கோ என்பதுதான் பதில் என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

அந்த வாரத்தில் அவர் ஒருநாள் வேலை முடிந்து நேரத்துக்கு வரவில்லை. அக்கா போன் எடுத்தபடி தவித்தாள். இருட்டமுன் வந்தார். எங்கே போனீர்கள் என்றதற்கு, "வில்லரேக்கு" என்றார். அக்கா கையில் இருந்த அகப்பையைக் கீழே வைத்துவிட்டு அவரைப் பார்த்தாள். "தேத்தண்ணி தந்தவங்கள், குடிச்சனான்" என்று மட்டும் சொல்லிவிட்டுக் குளிக்கப் போனார்.

கடைசிப் புதன். கார்டெரியின் கார் நிறுத்துமிடத்தில் காரை நிறுத்தினார். வேலைக்குப் பிந்திப்போவதாக இரண்டு பேருமே முதல்நாளே சொல்லிவைத்திருந்தோம். அந்த நிலையத்துக்கு ஒரு நம்பர் உண்டு, கேட்பவர்கள் மெசேஜ் அனுப்பினால் அறிவிப்பாளர் வாசிப்பார். "அந்த நம்பருக்கு ஒரு மெசேஜ் போடு. நான் சொல்லுறன், நீ இங்கிலிசில எழுது" என்றார். வாழ்த்துக்கள், அப்பா என்று ஒரு வரி வரும் என்று நினைத்தேன். அத்தான் தொண்டையைச் செருமினார்.

"கனடா மொன்ட்ரியலில் வசிக்கும் அன்பு அப்பா, அம்மா, தம்பி, சின்னம்மா, லண்டனில் வசிக்கும் பெரியப்பா குடும்பத்தினர், நோர்வேயில் வசிக்கும் சித்தப்பா, சித்தி..."

"அத்தான், இது வெள்ளைக்காரரின்ர றேடியோ. அவளுக்குப் பிறந்தநாளும் இல்லை."

"அதுக்கு? சொந்தக்காரரை விட்டுட்டு என்னண்டு வாழ்த்துறது? நாளைக்கு லண்டன்காரன் கேட்டா நீயே பதில் சொல்லுவாய்?"

வாயை மூடிக்கொண்டு எழுதினேன். ஊரிலிருக்கும் மாமி வந்தார். மாமியின் பிள்ளைகள் வந்தார்கள். பிறகு அவர் கொஞ்சம் நிறுத்தி, ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டு, "வில்லரேயில் வசிக்கும் மாமா, மாமி, மகன், மருமகள், பேரப்பிள்ளைகள்" என்றார்.

நான் எழுதாமல் அவரைப் பார்த்தேன்.

"கேட்டுட்டுத்தான் போடுறன். அவன் எப்பவோ மறந்திட்டானாம். நான்தான் தூக்கிக்கொண்டு திரிஞ்சிருக்கிறன்" என்றார். பிறகு, "எல்லாரும் சீரும் சிறப்புமாக வாழ வாழ்த்துகினம் எண்டு போட்டு, தையல் மெசின் பாட்டைப் போடச் சொல்லு" என்று முடித்தார். மெசேஜ் போனது.

பெறாமகளுக்கு ஒரு பழக்கம். வருகிற மெசேஜ்களை முன்கூட்டிப் பார்க்காமல் அப்படியே வாசிக்கத் தொடங்குவாள், அதில்தான் பகிடி என்பாள். மூன்று பாட்டுக்குப் பிறகு வாசித்தாள். மொன்ட்ரியல், கனடா என்றதும் ஒரு தடங்கல். அப்பா, அம்மா என்று எங்கள் சொல்லையே நான் இங்கிலிஸ் எழுத்தில் எழுதியிருந்தேன். அதை வாசிக்கும்போது குரல் மாறிவிட்டது. ஆனாலும் நிறுத்தாமல், ஒருவரையும் விடாமல், லண்டன், நோர்வே, யாழ்ப்பாணம் என்று அந்த நகரத்துச் சனத்துக்கெல்லாம் எங்கள் சொந்தபந்தத்தை வாசித்துக்கொண்டு போனாள். வில்லரே வந்தது. மாமா என்றாள். அதற்குமேல் சத்தம் இல்லை.

றேடியோவில் மௌனம் என்பது பொல்லாதது. போன் அறுந்துவிட்டதோ என்று நான் தட்டிப் பார்த்தேன். "தட்டாதை, அவள் இருக்கிறாள்" என்றார் அத்தான்.

பிறகு அவள் தமிழில் கதைத்தாள். அந்த நிலையத்தில் அதற்கு முன் ஒருவரும் தமிழ் கேட்டிருக்க மாட்டார்கள். "சின்னம்மா, தையல் மெசின் பாட்டு எண்டு ஒரு பாட்டும் என்னட்ட இல்லை. எது எண்டு அப்பாவைக் கேட்டுச் சொல்லுங்கோ."

பழக்கதோஷம்! உலகத்தின் மற்ற முனையிலிருந்தும் தூதுதான். நான் நிலையத்தின் தொலைபேசி இலக்கத்தை அழுத்தி, போனை அத்தானின் கையில் வைத்து, "நான் சொல்ல மாட்டன். நீங்களே சொல்லுங்கோ" என்றேன். அவர் அதைச் சுடுகிற பாத்திரத்தைப் போல வாங்கினார். அங்கே அடுத்த பாட்டைப் போட்டுவிட்டு அவள் எடுத்தாள்.

இவ்வளவு வருடத்துக்குப் பிறகு மகளோடு அவர் கதைக்கப்போகிற முதல் வார்த்தை என்னவாக இருக்கும் என்று நான் எத்தனையோ தடவை கற்பனை செய்திருக்கிறேன். மன்னிப்பு, அழுகை, பேர் சொல்லிக் கூப்பிடுவது, எல்லாம் யோசித்திருக்கிறேன். அத்தான் சொன்ன முதல் வார்த்தை, "டுக்கு டுக்கு டுக்கு டுக்கு." பிறகு ஒரு கணம் நிறுத்தி, விரலை உயர்த்தி, "இதில ஊசி முறியும்" என்றார். திரும்பவும், "டுக்கு டுக்கு டுக்கு."

அந்தப் பக்கம் அவள் சிரித்தாளா அழுதாளா என்று இன்றுவரை எனக்குச் சொல்லத் தெரியாது. ஏதோ ஒரு பாட்டைக் கொஞ்சம் ஓடவிட்டாள். "அது இல்லை மகள், அது தகரக்கூரை" என்றார். இன்னொன்று. "அதுவும் இல்லை." திருநீறு பூசிய ஒரு மனிதர் காருக்குள் இருந்து ஸ்டியரிங்கில் தாளம் போட்டுக்கொண்டு வாயால் மெசின் ஓட்டுவதை, பிள்ளையைக் கையில் பிடித்துவந்த ஒரு தாய் நின்று பார்த்தாள். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவளுக்கு ஒரு பொன்ஜூர் சொன்னேன். மூன்றாவதாக அவள் போட்டது சரியாக இருந்தது. "ஓம், ஓம், இதுதான்" என்றார். பிறகு, பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே, மெதுவாக, "சாப்பிட்டியே?" என்று கேட்டார்.

அடுத்த ஞாயிறு போன் அடித்தது. அக்கா வழக்கம்போல மேசையில் வைத்துச் சத்தமாகப் போட்டாள். அத்தான் பேப்பரை வைத்துவிட்டு, போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு, முன்னறைக்குப் போய்விட்டார். அக்கா வெறும் மேசைக்கு முன்னால் இருந்தாள். "அப்ப எனக்கு இனி வேலை இல்லையோ?" என்றாள் என்னைப் பார்த்து. கோபம் மாதிரித்தான் தொடங்கினாள், அழுகையில்தான் முடித்தாள். அத்தனை வருடமும் இரண்டு பக்கத்துப் பாரத்தையும் அவள் ஒருத்திதான் சுமந்திருந்தாள் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. நான் அவளுக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன்.

இப்போது அத்தானும் அக்காவும் மெல்பேர்னில். பெறாமகள் தனக்குப் பிடித்த ஒருவரைக் கட்டி, ஒரு பெண்குழந்தையும் பிறந்த பிறகு, பேத்தியைப் பார்க்க ஆறு மாதம் என்று போனவர்கள், அங்கேயே தங்கிவிட்டார்கள். வீட்டையும் காரையும் என்னிடமும் பெறாமகளின் தம்பியிடமும் விட்டுவிட்டுப் போனார்கள். நாற்பது வயது தாண்டிய பிறகு நான் கார் ஓட்டப் பழகினேன். காலையில் தனியே ஏறி அமரும்போது பக்கத்து இருக்கை எனக்குப் பொல்லாத வெறுமையாக இருக்கிறது. அந்த நிலையத்தை இன்னமும் வைக்கிறேன். புதிது புதிதாக யார் யாரோ வருகிறார்கள், நல்ல பாட்டுகளும் வருகின்றன. பெயர் வைக்கத்தான் ஆள் இல்லை.

போன மாதம் அத்தானிடம் போனில், இப்போது அங்கே எந்தப் புதுப்பாட்டு நல்லது என்று கேட்டேன். அவர் கொஞ்சம் வெட்கத்தோடு, பாட்டு ஒன்றும் கேட்பதில்லை என்றார். பேத்தி படுக்கப்போன பிறகு மொன்ட்ரியல் றேடியோதான் கேட்கிறாராம். பாட்டு அல்ல. காலையில் போகிற வீதி நிலவர அறிவிப்பு. எந்தப் பாலத்தில் நெரிசல், எங்கே பனி, எங்கே கார்கள் மோதி அடிபாடு என்று பிரெஞ்சில் ஒருவர் கடகடவென்று சொல்வாரே, அது. அங்கே அவர் இரவுச் சாப்பாட்டை முடித்துவிட்டு, காதில் இயர்போனைச் செருகிக்கொண்டு, இங்கே நான் காரை எடுக்கிற நேரத்தைப் பார்த்திருந்து கேட்கிறார்.

நான் சாவியைத் திருப்பும்போது போன் அடிக்கும். "பிள்ளை, வெளிக்கிட்டிட்டியே? நாற்பதில பெரிய அடிபாடாம். கிழக்கால போற பக்கம் முழுக்க நிக்குதாம். சுத்திப் போ, என்ன?"

ரொக்ஸ்பரோவிலிருந்து டொலார்டுக்குப் போக நாற்பதாம் நெடுஞ்சாலையில் ஏறவே தேவையில்லை. ஒருநாளும் நான் ஏறியதும் இல்லை. இத்தனை வருடம் என்னைக் கொண்டுபோய் இறக்கிவிட்ட மனிதருக்கு அது தெரியாதா?

"ஓம் அத்தான், சுத்திப் போறன்" என்பேன்.